குடியிருக்கத்தான்

— நான் சமையக்கட்டுலேருந்து ஆரம்பிச்சுக்குறேன். நீ பேசாம பின்னால வா. தூணைத் தட்டிப் பாக்காத. உங்கிட்ட கேக்குறது அது ஒண்ணுதான்.

— நான் எங்கம்மா தட்டினேன்?

— அப்பாவோட போனப்ப, அந்த வாத்தியார் வீட்டுல தட்டினியே. நீ டொக்கு டொக்குன்னு தட்டத் தட்ட மனுஷன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. குடியிருக்க வரவன் எவன்டா தூணைத் தட்டிப் பாப்பான்? இடிக்க வரவன்தான் தட்டுவான்.

— கை தானாப் போகுது. ஏன், அப்பா தட்டலையா?

— உங்கப்பா தட்ட மாட்டாரு. அலுத்துப் போன ஆளு மாதிரி போய்ச் சாஞ்சு நிப்பாரு. தோள்பட்டையாலயே கேட்டுருவாரு, உள்ள கறையான் பூந்திருக்கா, மரம் கல்லாட்டம் இருக்கான்னு. சும்மாவா அவருக்கு வைத்தியர்னு பேரு வச்சாங்க? நான் அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, ஏங்க, இங்க ஒரு அலமாரி வச்சா எடுப்பா இருக்கும்லன்னு கேப்பேன். உன் இஷ்டம்பாரு. அதுக்குள்ள எத்தனை உத்தரம், எத்தனை கதவு, ஓடு எத்தனை வண்டி வரும், எல்லாம் மனசுல ஏத்திருப்பாரு.

— இன்னிக்கும் அதேதான். நீ பேசு, நான் ஏத்திக்கிறேன். அம்மாவுக்கு டவுன் ஒத்துக்கலை, டாக்டர் காத்தோட்டமா இருக்கச் சொன்னாரு, மகன் பழைய வீடா சல்லிசா ஒண்ணு வாங்கித் தரான். சரியா?

— எனக்கு நீ பாடம் எடுக்குறியா? நீ பொறக்கிறதுக்கு முன்னாலேருந்து நான் வீடு பாக்குறேன்டா.

— அதில்லம்மா. அப்பா போனப்பறம் நீ இதுக்கு வரதே இன்னிக்குத்தான். முடியலைன்னா சொல்லு, வண்டியிலயே உக்காந்துரு. நான் ஏதாவது சமாளிக்கிறேன்.

— நீ சமாளிப்ப. மூணாவது நிமிஷம் தூணைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிப்ப. எறங்கு. போய்க் கதவைத் தட்டு.

— ஏம்மா, கதவைத் தட்டலாமா? அதுவும் மரந்தானே.

— வாயைப் பாரு. அப்படியே உங்கப்பா வாயி.

— யாரு? புரோக்கர் அனுப்பிச்ச ஆளுங்களா? வாங்க, உள்ள வாங்க. சத்தமாப் பேசணும், சொல்லிட்டேன். வயசுக் காலம் பூரா மாவு மில்லு ஓட்டின காது இது. மில்லு போயிருச்சு, காது திரும்பி வரலை. நான் பேசுறது கேக்குதா?

— தெருக்கோடி வரைக்கும் கேக்குதுக்கா.

— என்னது?

— தெருவே நல்லாருக்குன்னேன்க்கா.

— தெரு இருக்கட்டும், கீழ பாத்து வாங்க தங்கச்சி. நடையில கல்லு ஆடுது. மழை வந்தா இந்தக் கூடம் பூரா பாத்திரம் வைக்கணும். அந்த மேற்குச் சுவரைப் பாருங்க, வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது. எதையும் மறைக்கலை நான், சொல்லிட்டேன்.

— அது மேல்பூச்சு உப்பினதுதாங்கக்கா. உள்ள சுவரு கெட்டியாத்தான் இருக்கும். அந்தக் காலத்துக் கட்டடம்.

— கெட்டியா? ஒரு ஆள் தோளைக் குடுத்தா சாஞ்சுரும் தங்கச்சி. பொழுது சாயறதுக்குள்ள மொத்தத்தையும் தள்ளிரலாம்.

— பெரியம்மா, விக்கிறவங்களே இப்படிச் சொன்னா வாங்க வந்தவன் என்ன பேசறது?

— நீ இன்னும் குறைச்சுக் கேளு தம்பி. நான் வேணாங்கலையே.

— கதவெல்லாம் தேக்கா பெரியம்மா?

— டேய்.

— சும்மா கேட்டேம்மா.

— தேக்குதான் தம்பி. நிலை, உத்தரம், சன்னல் சட்டம், எல்லாம் தேக்கு. இந்த வீட்டுல தேறுறது அது ஒண்ணுதான். நல்லாப் பாத்துக்க. வேணும்னா தட்டிப் பாத்துக்க.

— தட்டிப் பாக்குறதுக்கு என்னக்கா இருக்கு. அது பாட்டுக்கு இருக்கற எடத்துல இருக்கட்டும். இவன் மரக்கடையில வேலை பாக்குறான், எதைப் பாத்தாலும் அந்த நெனப்புதான். பொண்ணு பாக்கப் போன எடத்துல நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பாத்தவன் இவன்.

— மரக்கடையா? மரக்கடை மட்டுந்தானா?

— மரக்கடை மட்டுந்தான் பெரியம்மா.

— ம். சரி. இதுதான் சமையக்கட்டு. புகை படிஞ்சு கரியாக் கெடக்கு. இதுல பாக்க ஒண்ணும் இல்ல.

— நல்ல வெளிச்சம்க்கா. அந்த மூலையில அடுப்பு வச்சுக்கலாம். இங்க சுவத்துல பலகை அடிச்சா டப்பாவெல்லாம் கை எட்டற தூரத்துல இருக்கும். தண்ணிப் பானைக்கு அதோ அந்த எடம். சன்னல் எவ்வளவு தாழ இருக்கு பாருங்க. உக்காந்த மேனிக்கே தெரு தெரியுது. ஒரு ஸ்டூலைப் போட்டுக்கிட்டு இங்க உக்காந்துட்டா, காய் நறுக்கறப்ப போறவங்க வரவங்களைப் பாத்துக்கிட்டே இருக்கலாம். டேய், மத்தியானம் இந்தப் பக்கம் வெயில் வருமாடா?

— ம்? வராதும்மா. வடக்கு.

— அப்ப எண்ணெய் பாட்டிலை இங்கயே வச்சுக்கலாம். துணி காயப் போட பின்னாடி எடம் இருக்காக்கா?

— இருக்கு. இல்ல தங்கச்சி, ஒண்ணு கேக்குறேன். இதையெல்லாம் எதுக்கு நீங்க பாக்குறீங்க? யாரு இருக்கப் போறது இங்க?

— நான்தாங்கக்கா. குடியிருக்கத்தான்.

— குடியிருக்கவா?

— டாக்டர் சொன்னாரு பெரியம்மா. அம்மாவுக்கு டவுன் காத்து ஒத்துக்கலை. அதான் அமைதியா ஒரு எடம்...

— தனியாவா இருப்பீங்க?

— தனியாத்தான். மகன் அப்பப்ப வந்துட்டுப் போவான்.

— எப்பவுமே இங்கயேவா? பூட்டிப் போட மாட்டீங்களா? தம்பி, அப்ப வேலையை எப்ப ஆரம்பிப்ப?

— வெள்ளையடிக்கிற வேலையா பெரியம்மா? அது மழைக்கு அப்பறம் பாத்துக்கலாம்.

— வெள்ளையடிக்கிறதா. ம். இருங்க. பின்னாடி அறைச் சாவி எதிர்வீட்டுல கெடக்குது, போய் வாங்கிட்டு வரேன். உக்காருங்க. நாற்காலி இல்ல, தரைதான்.

— மெதுவா வாங்கக்கா.

— அம்மா. போயிருச்சு அந்தம்மா. கேளு. உத்தரம் ஒவ்வொண்ணும் ஒரே மரம்மா, ஒட்டு இல்ல. கதவு இதுவரைக்கும் ஒம்பது பாத்துட்டேன். பின்னாடி அறையையும் சேத்தா பழைய கதவுக்கு ஆர்டர் குடுத்த ஓட்டல்காரன் கேட்ட பன்னெண்டும் இங்கயே தேறிடும். வெளியே தேட வேணாம். அந்தம்மா வேற வெகுளி. நம்ம சொல்ல வேண்டிய குறையெல்லாம் அதுவே சொல்லுது. இப்படி ஒரு பார்ட்டியை அப்பாவே பாத்திருக்க மாட்டாரு. ஆனா நீ சன்னல், ஸ்டூலுன்னு சொன்ன பாரு, அது பிரமாதம். அது புதுசுல்ல? முன்னெல்லாம் அலமாரியோட நிறுத்திக்குவ.

— ஆமா. புதுசுதான்.

— எனக்கே நீ இங்க உக்காந்து காய் நறுக்குற மாதிரி இருந்துச்சு.

— எனக்கும் அப்படித்தான் இருந்துச்சுடா. இந்த வீட்டை இடிக்க வேணாம்.

— என்னது?

— நீயும் மில்லு ஓட்டினியா? இடிக்க வேணாங்கறேன். வாங்கு. நான் இருந்துக்குறேன்.

— அம்மா, விளையாடாத. அந்தம்மா வந்துரும்.

— விளையாடலை. நெசமாத்தான் சொல்றேன். எனக்குப் பிடிச்சிருக்கு.

— எல்லா வீடும் பிடிச்சிருக்குன்னுதான் நீ சொல்லுவ. அதுதானே உன் வேலை.

— எல்லா வீடும் பிடிச்சுதான்டா இருந்துச்சு. அது யாருக்குத் தெரியும்? நடிக்கிறேன் நடிக்கிறேன்னு நீங்க ரெண்டு பேரும் நெனச்சீங்க. நான் ஒரு வீட்டுலயும் நடிக்கலை. அலமாரி இங்கன்னா எனக்கு அங்க அலமாரி தெரியும். டப்பா தெரியும். அதுல என்ன போட்டு வைப்பேன்னு கூடத் தெரியும். பத்து நாள் கழிச்சு உங்கப்பா அந்த வீட்டுக் கதவை வண்டியில ஏத்திட்டு வந்து நம்ம கூடத்துல சாத்துவாரு. நான் அதுல துணி காயப் போடுவேன்.

— இதை அப்பாகிட்ட சொல்லிருக்கலாம்ல?

— சொல்லாமயா இருந்தேன்? ஒவ்வொரு தடவையும் வண்டியில ஏறினதும் கேப்பேன். ஏங்க, இதை விட்டுடலாமேம்பேன். அடுத்த வீடு உனக்குத்தான் வைத்தியரம்மான்னு சொல்லுவாரு. பொய்யில்ல, மனசாரத்தான் சொல்லுவாரு. அடுத்தது வந்தா அதுல உத்தரம் இன்னும் நல்லாருக்கும். கடைசியா ஏறி விழுந்து போனாரே, அந்த உத்தரமும் அப்படி ஒரு அடுத்த வீட்டோடதுதான்.

— ஏம்மா அதை இப்ப எடுக்குற.

— எடுக்கலை. அது எங்கயும் போகலையே, எடுக்குறதுக்கு. நம்ம வீட்டுல இப்ப நடக்க வழி இருக்காடா? கூடத்துல கதவு, அறையில கதவு, என் கட்டிலுக்குப் பின்னால ரெண்டு சன்னல். அதைத் தொறந்தா சுவரு. ராத்திரி எந்திரிச்சு எங்கயாச்சும் போலாம்னா எல்லாப் பக்கமும் கதவு, ஒண்ணுலயும் வெளிய போக முடியாது. நான் எங்கதான் போய் உக்கார?

— அதையெல்லாம் ஷெட்டுக்கு மாத்துறேன். அடுத்த வாரமே மாத்துறேன். அதுக்கு இவ்வளவு தூரத்துல, ஆஸ்பத்திரி கூட இல்லாத ஊருல, ஒழுகுற வீட்டுல, தனியா... யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவாங்க? அப்பன் செத்ததும் அம்மாவைக் கொண்டுபோய் ஒதுக்குப்புறமா விட்டுட்டான்னுதானே சொல்லுவாங்க?

— நான்தான் உன்னை விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லு.

— ஓட்டல்காரனுக்கு வாக்குக் குடுத்துட்டேன்மா. வேலையாளுங்க ரெண்டு மாசமா சும்மா கெடக்காங்க. அப்பா பேருக்காகத்தான் இன்னும் நம்மகூட இருக்காங்க. இந்த ஒரு வேலை கெடைச்சா நிமிந்துருவேன். இது போச்சுன்னா அவனுங்க வேற எடம் பாத்துப் போயிருவாங்க. அப்பறம் கடப்பாரையை நான் மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்ண?

— தெரியும்டா. தெரியாமயா கேக்குறேன்? உங்கிட்ட நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. இது ஒண்ணு. இத்தனை வீட்டுல இத்தனை பேருகிட்ட குடியிருக்கத்தான்னு சொல்லிருக்கேன். ஒரே ஒரு தடவை அது நெசமா ஆகட்டுமே.

— அம்மா.

— சொல்லு.

— நீ எப்ப உக்காந்த?

— என்ன?

— தரையில. சன்னல் பக்கத்துல. எப்ப உக்காந்த?

— அந்தம்மா போனதும் உக்காந்தேன். காலு வலிச்சுது.

— இல்ல, நான் இவ்வளவு பேசிட்டேன், நீ எந்திரிக்கவே இல்ல. வீட்டுல உன்னால சாப்பாட்டுத் தட்டுல கை வச்சா முடிக்கிற வரைக்கும் உக்கார முடியறதில்ல. நடுவுல எந்திரிச்சு வாசல் கேட்டைப் பாத்துட்டு வருவ. டாக்டர் காத்தோட்டம்னு சொன்னதா நாம சொன்னது பொய்யி. ஆனா உன்னை எங்கயாச்சும் கொஞ்சம் உக்கார வைன்னு அவரு சொன்னாரு. அது நெசம். உங்கிட்ட சொல்லலை.

— பெரிய ரகசியம்.

— சரி, விடு. ஓட்டல்காரன் கால்ல விழுந்துக்குறேன். கதவு வேற எங்கயாச்சும் தேடிக்கலாம்.

— நெசமாவா சொல்ற?

— நெசமாத்தான். ஆனா ஓடெல்லாம் மாத்திட்டுத்தான் நீ இங்க வரணும். மேற்குச் சுவரை நானே வந்து கட்டித் தருவேன். இடிச்சு இடிச்சு எப்படிக் கட்டிருப்பாங்கன்னு தெரிஞ்சு போச்சு. வாராவாரம் வருவேன். வந்தா ஒண்ணும் சொல்லக் கூடாது.

— வா. உனக்கும் ஒரு ஸ்டூல் போடுறேன்.

— கண்ணைத் தொடை. அந்தம்மா வருது.

— தங்கச்சி. தம்பி. சாவி இருக்கு, ஆனா அதுக்கு வேலையில்ல. உங்களைத் தொறந்து காட்டி அலைய வைக்க வேணாம்னு பாக்குறேன். தப்பா நெனைச்சுக்காதீங்க. இந்த வீட்டை உங்களுக்குக் குடுக்க முடியாது.

— ஏங்கக்கா? இப்ப நல்லாத்தானே பேசிட்டுப் போனீங்க?

— குடுக்க முடியாது, சொல்லிட்டேன். டீ வேணும்னா எதிர்வீட்டுல போடச் சொல்றேன், குடிச்சுட்டுக் கெளம்புங்க.

— பெரியம்மா, எதிர்வீட்டுல யாராச்சும் எங்களைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?

— என்னது?

— எங்களைப் பத்தி ஏதாவது சொன்னாங்களான்னு கேட்டேன்.

— உங்களைப் பத்தி யாருக்கு என்ன தெரியும்?

— இல்ல, மறைச்சு என்ன ஆகப் போகுது. அம்மா, நீ சும்மா இரு, நான் சொல்லிடுறேன். பெரியம்மா, நாங்க பழைய வீட்டை வாங்கி இடிச்சு, கதவு சன்னலை விக்கிற ஆளுங்கதான். இங்கயும் அதுக்குத்தான் வந்தோம். ஆனா இந்த நிமிஷம் அதை மாத்திக்கிட்டோம். அம்மா இங்கதான் இருக்கப் போறாங்க. ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க மாட்டேன்.

— ஆமாங்கக்கா. என் மகன் மேல ஆணையாச் சொல்றேன். குடியிருக்கத்தான் கேக்குறேன். உங்க வீட்டுக்கு ஒரு கீறல் விழாது.

— இருங்க, இருங்க. இடிக்கிற ஆளுங்கதானா நீங்க?

— ஆமா பெரியம்மா. மன்னிச்சுக்கங்க.

— அட, அப்ப அந்தப் புரோக்கரு பொய் சொல்லலை. நான் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கிட்டு வந்தேன். இடிக்கிற ஆளுங்களாப் பாத்துக் கூட்டிட்டு வாய்யான்னா, ஸ்டூல் போட்டு உக்காரற அம்மாவைக் கூட்டிட்டு வந்துருக்கானேன்னு. உங்ககிட்ட அவன் சொல்லலையா?

— போய்ப் பாருங்கன்னு மட்டுந்தான் சொன்னான். நாங்க எப்பவும் போல உங்களுக்குத் தெரியாதுன்னு நெனைச்சுட்டோம்.

— எனக்கு வேண்டியதே அதுதான் தம்பி. ரெண்டு குடும்பம் வந்து கேட்டாங்க, நல்ல மனுஷங்க. இல்லைன்னு அனுப்பிட்டேன். இடிக்கிறவங்களுக்குத்தான் குடுப்பேன். அதனாலதான் இவ்வளவு கம்மி வெலை. கதவு, மரம், எடம், எல்லாத்தையும் எடுத்துக்கங்க. சுவரு நிக்கக் கூடாது. இடிக்கிறீங்களா?

— இடிக்க மாட்டோம்க்கா. அதைத்தானே இவ்வளவு நேரமாச் சொல்றோம்.

— அப்ப வேணாம் தங்கச்சி. போயிட்டு வாங்க.

— எதுக்குக்கா? நீங்க இருந்த வீடுதானே. கோவமா அது மேல?

— கோவமா? இந்தச் சுவத்துக்கு மண்ணு சுமந்தவ நான். நாங்க வாங்கினப்ப பாதிக்கு மேல ஓடு கெடையாது. மில்லு ஓட்டி ஓட்டி ஒவ்வொரு சுவரா எழுப்பினோம். எம் பொண்ணு இங்கதான் தவழ்ந்தா. கோவமில்ல. என் வீட்டுக்காரருக்கு ஞாபகம் போயிருச்சு தங்கச்சி. பொண்ணு எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். என்னை யாருன்னு தெரியாது. பொண்ணையும் தெரியாது. ஆனா இந்த வீட்டுக்கு வழி தெரியுது. கண்ணு அசந்தா போதும், கெளம்பி வந்துடுறாரு. லாரி போற ரோடு. ரெண்டு தடவை டிரைவருங்க தூக்கிட்டு வந்து விட்டுட்டுப் போனாங்க. மூணாவது ஆளும் நல்லவனா இருப்பான்னு என்ன நிச்சயம்?

— பூட்டி வைக்கலாமே பெரியம்மா.

— வச்சுப் பாத்தேன். கதவுல நெத்தியை முட்டுறாரு. இங்க வாடகைக்கு ஆள் வச்சும் பாத்தேன். வந்து நின்னு கேட்டதையே கேப்பாரு. அவங்களும் பாவம், எத்தனை தடவை பதில் சொல்லுவாங்க. காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க.

— என்ன கேப்பாரு?

— அதை வேற சொல்லணுமா. விடுங்க.

— நான் பதில் சொல்றேன்க்கா. எத்தனை தடவை கேட்டாலும் சொல்றேன். எனக்கு வேற என்ன வேலை? வரட்டும், உக்காரட்டும், டீ போட்டுத் தரேன். சாயங்காலம் நானே கூட்டிட்டு வந்து விடுறேன்.

— வந்து சேந்தாத்தானே தங்கச்சி டீ. நடுவுல ரோடு இருக்குல்ல.

— ரோட்டோரமா நான் போய் நிக்கிறேன்.

— நீங்க தூங்க மாட்டீங்களா? உங்களுக்கு ஒருநாள் காய்ச்சல் வராதா? மில்லுக்கும் இப்படித்தான் போயிட்டிருந்தாரு. போன வருஷம் ரோட்டை அகலம் பண்ண மில்லை இடிச்சுட்டாங்க. அப்பறம் ரெண்டு தடவை போனாரு. வெறும் தரையைப் பாத்துக்கிட்டு நின்னாரு, எடம் தப்பி வந்துட்டோம்னு திரும்பிட்டாரு. அதுக்கப்பறம் அந்தப் பக்கமே போறதில்ல. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. இந்த வீடு நிக்கிற வரைக்கும் அவரு நடந்துகிட்டேதான் இருப்பாரு.

— வேற ஏதாவது வழி இருக்கும்க்கா. நாம யோசிப்போம். இவன் வேலி போட்டுத் தருவான், பெரிய கேட்டா வச்சு...

— நான் யோசிக்காததையா நீங்க யோசிக்கப் போறீங்க? எனக்குச் சுவரு வேணாம் தங்கச்சி, ஆளு வேணும். என்னை யாருன்னு தெரியாத ஆளா இருந்தாலும் பரவாயில்ல, ஆளா இருக்கட்டும். அவரு மூச்சு விடற சத்தம்கூட எனக்குக் கேக்காது. தொட்டுப் பாத்துத்தான் தூங்குறேன். என்ன, கேக்குதா?

— அம்மா. வாசல் கேட் பக்கத்துல யாரோ நிக்கிறாங்க.

— போச்சு. அவருதான். சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுக்கிட்டு. பொண்ணு குளிக்கப் போயிருப்பா.

— கால்ல செருப்பில்லம்மா. வெறுங்காலோட நடந்து வந்துருக்காரு.

— நான் போனா மெரளுவாரு. யாரோ பிடிக்க வந்த மாதிரி ஓடுவாரு.

— நீங்க இருங்கக்கா. நான் போறேன்.

— வணக்கம்மா. வீட்டுக்காரங்க நீங்கதானா?

— நான்தாங்க. வாங்க. நிழல்ல வந்து நில்லுங்க.

— இந்த வீடு விலைக்கு வருதுன்னு மில்லுல பேசிக்கிட்டாங்க. அதான் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.

— பாருங்க. நல்லாப் பாருங்க. கால்ல என்ன ரத்தம்?

— அதுவா, ஒண்ணுமில்ல. ரோட்டுல ஒருத்தன் வண்டியை மேலயே கொண்டாந்துட்டான். ஒதுங்கினேன், கீழ விழுந்துட்டேன். அவன் என்னையே திட்டிட்டுப் போறான். இந்த ஊருல எப்பலேருந்தும்மா இவ்வளவு வண்டி?

— இப்பத்தாங்க. கொஞ்ச நாளா.

— வாடகை வீட்டுல இருக்கோம். மில்லை ஒட்டின மாதிரியே வீடு. என் சம்சாரம் மாசமா இருக்கா. அவளுக்குத் தெரியாம வந்துருக்கேன். பேசி முடிச்சுட்டுத்தான் சொல்லணும்.

— அவங்களுக்கு இந்த வீடு பிடிக்குமா?

— வீட்டைப் பத்தி அவளுக்கு ஒண்ணுமில்லம்மா. இங்கேருந்தா மில்லுச் சத்தம் கேக்காது, அதான். பகல் பூரா மிஷின்கிட்டயே நிக்கிறா. காது மந்தமாயிட்டு வருது, என்கிட்ட சொல்ல மாட்டேங்குறா. நான் கூப்பிட்டா முதல் தடவை திரும்பறதில்ல. ராத்திரியாச்சும் அந்தக் காது சும்மா இருக்கணும்ல?

— இருக்கணுங்க.

— என்ன தங்கச்சி சொல்றாரு? எனக்கு இங்கேருந்து கேக்கலை.

— உங்களுக்குப் பிடிக்கும்னு சொல்றாருக்கா.

— அந்தம்மா யாரு?

— எங்கக்கா மாதிரிங்க.

— நல்லது. அம்மா, என்கிட்ட இப்பக் கையில பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா வாக்குத் தவற மாட்டேன். நான் வர வரைக்கும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. நாளைக்கும் வருவேன்.

— வேற யாருக்கும் குடுக்கலைங்க. டேய், இங்க வா. ஓட்டல்காரருக்குப் போன் பண்ணு. பன்னெண்டு கதவும் இருக்குன்னு சொல்லு.

— அம்மா, வேணாம்மா. அவசரப்படாத. வேலி போடலாம்னியே, நாளைக்கு உக்காந்து பேசலாம்.

— நாளைக்கு இவரு மறுபடியும் ரோட்டைத் தாண்டுவாருடா. இன்னிக்கே பேசி முடி. விடிஞ்சதும் ஆளுங்க வரட்டும். ஓட்டைப் பிரிச்சு, மரத்தை எறக்கிட்டு, சுவரு ஒண்ணுகூட விடாம தரைமட்டமாக்கிடணும். வந்து பாத்தா எடம் தப்பி வந்துட்டோம்னு தோணணும்.

— அப்ப நீ?

— என்னைப் பத்தி அப்பறம் பேசலாம். முதல்ல வண்டியைத் திருப்பு. இவரைக் கால் தரையில படாம கொண்டு போய் விடணும்.

— எதுக்கும்மா ஆளுங்களை வரச் சொல்றீங்க?

— காலி பண்றதுக்குத்தாங்க.

— ஐயோ, எனக்காகவா? அவ்வளவு அவசரம் வேணாம். நீங்க எங்கம்மா போவீங்க, இவ்வளவு நல்ல வீட்டை விட்டுட்டு?

— தெரியலைங்க. நான் இன்னும் வீடு பாத்துட்டுத்தான் இருக்கேன்.